அக்கா பேசிய பாட்டுக் கசட்

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் லயம் இருந்தது. அந்த லயத்திலிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன முதல் ஆள் என் அக்கா. லெபனானில் ஒரு வீட்டில் சமையலும் துப்புரவும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அக்காவின் மகள் அப்போதுதான் சொற்களைச் சேர்த்துச் சேர்த்துப் பேசப் பழகியிருந்தாள். எங்கள் அப்பா உயிரோடு இல்லை. அம்மா கொழுந்தெடுக்கப் போவார். அக்காவின் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. பிள்ளையைப் பார்க்க மிச்சம் இருந்தவள் நான்தான். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். டீச்சர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற ஆள் நான். பள்ளிக்கூடம் நின்றதற்காக அழுததாக ஞாபகம் இல்லை.

பயப்பட எனக்கு யாரும் காரணம் தேடித் தர வேண்டியதில்லை. மழை பெய்தால் லயத்துக்குப் பின்னால் மண் சரியுமென்று பயம். பெய்யாவிட்டால் கொழுந்து குறைந்து அம்மாவுக்கு வேலை இல்லாமல் போகுமென்று பயம். பிள்ளை நல்லபடியாகத் தூங்கினால்கூட மூக்கருகில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அக்கா போன பிறகு இந்தப் பயங்களெல்லாம் ஒன்றாகத் திரண்டு லெபனான் பக்கம் திரும்பிக்கொண்டன. தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் ஒருத்தி, வேலைக்குப் போன வெளிநாட்டு வீட்டில் பட்ட சூட்டுக் காயங்கள் கையில் இருக்கத் திரும்பி வந்திருந்தாள். நான் அவளைப் பார்க்கப் போகவில்லை. போகாமலே அந்தக் கையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, அக்காவுக்கு எழுதுவதென்றால் கை வலிக்கும். அதனால் எங்களுக்குள் கசட்தான் போய் வந்தது. வெளிநாடு போனவர்கள் இருந்த வீடுகளில் அதுதான் அப்போதைய வழக்கம். அங்கே இருக்கிறவர் கசட்டின் முதல் பக்கத்தில் பேசி, லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். இங்கே லயமே கூடியிருந்து கேட்கும். மறுபக்கம் எங்களுடையது. அதில் நாங்கள் பேசி, லீவு முடிந்து திரும்பிப் போகிறவர் கையில் கொடுப்போம். வந்த கசட்டின் மறுபக்கத்தைப் போட்டுக் கேட்பது என்ற பேச்சே இல்லை. நாம் இனித்தான் பேசப்போகிற பக்கத்தில் கேட்பதற்கு என்ன இருக்கும்?

அந்த முறை கசட்டைக் கொண்டுவந்தவள் அக்காவோடு ஒரே பிளேனில் போன கூட்டாளி. கசட்டையும் பிள்ளைக்கு ஒரு சட்டையையும் கொடுத்துவிட்டு, "இன்னொரு சாமானும் இருக்கு, பெட்டிய அவிழ்த்தாத்தான் கெடைக்கும், அப்புறமா தாறேன்" என்று சொல்லிப் போய்விட்டாள். நான் கசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பு வந்ததெல்லாம் வெள்ளைக் காகிதம் ஒட்டிய புதுக் கசட். இதில் பிளாஸ்டிக் ஓட்டின் மேலேயே இங்கிலீஷ் எழுத்து பொடிப் பொடியாக அச்சடித்திருந்தது. மேல் விளிம்பில், காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டரைச் சின்னதாக நறுக்கி இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தது. யாருக்கு என்ன காயமோ என்று அப்போதே எனக்கு ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பு நிறைய ஆட்கள். பிள்ளை என் மடியில். மாமா ரேடியோவை வாசல்படியில் வைத்துக் கசட்டைப் போட்டார்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? பக்கத்துக் காம்பிரா பெரியம்மாவுக்கு இடுப்பு வலி தேவலையா?"

"எங்கடி தேவல, அப்படியேதான் கெடக்கு" என்று பக்கத்து அறைப் பெரியம்மா ரேடியோவுக்குப் பதில் சொன்னார்.

"பாப்பா, அம்மா பேசுறேன்டா. சித்தி சொல்றதக் கேக்கணும், என்ன? இங்க எனக்கு ஒரு கொறையும் இல்ல. மேடம் நல்ல மாதிரி. மேடத்தோட மகதான் கொஞ்சம் கிறுக்கு, வயசு அப்படி. அம்மா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். கேட்டுட்டு யாரும் பயந்துராதீங்க..."

எங்கேயோ தூரத்தில் மணி அடிப்பது போல இருந்தது. பிறகு டக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அக்கா இல்லை.

தகரக் கூரை மேல் கல்லை அள்ளி அள்ளிக் கொட்டுகிறது போல ஓர் இடி. அதற்கு மேலே பெண்கள் அலறினார்கள். ஒருத்தி தொண்டை கிழியக் கத்த, மற்றவர்கள் சேர்ந்துகொண்டு கத்தினார்கள். நடுவில் இரும்பை அறுப்பது போல ஏதோ ஒன்று கீச்சிட்டுக்கொண்டு மேலே மேலே போனது.

"அடியாத்தே, புள்ளையப் போட்டு அடிக்கிறாங்க" என்றார் பெரியம்மா.

மாமா குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "பாட்டு மாதிரியும் இருக்கு அத்தை" என்றார் மெல்ல.

"என்ன மாப்பிள்ள பேசுறீங்க. பொம்பளைங்க எங்கயாச்சும் இப்படிப் பாடுவாங்களா? பயந்துராதீங்கன்னு சொன்ன வாய் மூடல, அதுக்குள்ள புடிச்சுட்டாங்களே" என்று அம்மா நெஞ்சில் கையை வைத்தார்.

என் மடியிலிருந்த பிள்ளை இறங்கி, அந்த இடிக்கு ஏற்றபடி குதித்துக் குதித்து ஆடத் தொடங்கினாள். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு அவளும் கத்தினாள். மாமா கசட்டை நிறுத்தினார். ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். சாவு வீட்டிலிருந்து போகிறவர்களைப் போல யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் மாமா அந்தக் கூட்டாளியைத் தேடிப் போனார். அவள் புருஷன் வீட்டாரைப் பார்க்க மொனராகலைக்குப் போய்விட்டாளாம், எப்போது வருவாள் என்று தெரியாதாம். அம்மா அன்று காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல் கோயிலுக்குப் போனார். மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று காதால் கேட்டால் தலைமுடியை இறக்குவதாக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு அந்த வயதிலும் முடி இடுப்புக்குக் கீழே கிடக்கும். பெருமையும் அதில்தான்.

பகலில் பெரியவர்கள் வேலைக்குப் போனதும் நான் அந்தக் கசட்டைப் போடுவேன். கேட்கக் கூடாதென்று நினைப்பேன், கை போய்விடும். சத்தத்தைக் குறைத்து, ரேடியோவோடு காதை ஒட்டி வைத்துக் கேட்பேன். முதல் தடவை அந்த அலறல்கள் யார் யாருடையதோ. கேட்கக் கேட்க அதில் ஒரு குரல் அக்காவுடையதாக மாறிக்கொண்டு வந்தது. பின்னால் இருந்து வருகிற, கொஞ்சம் கரகரத்த குரல். சின்ன வயதில் அட்டை கடித்தபோது அக்கா கத்தியது அப்படித்தான் இருந்தது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பிள்ளை பக்கத்தில் ஆடிக்கொண்டிருப்பாள். அவளுடைய தாயை அடிக்கிற சத்தத்துக்கு அவள் ஆடுகிறாள் என்று நினைத்து, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுவேன்.

கடைசியில் மாமாவிடம் சொன்னேன். "மாமா, அதுல அக்கா குரல் இருக்கு. நான் நல்லாக் கேட்டுட்டேன்."

மாமா அதிகம் பேசாதவர். அக்காவை அனுப்பச் சம்மதித்தவர் அவர் என்பதால் அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. "நாளைக்கு லீவு போடுறேன் புள்ள. பதுளைக்குப் போயி அனுப்பின ஏஜெண்டையே கேப்போம்" என்றார்.

பஸ்ஸில் பிள்ளை என் மடியில், கசட் என் இடுப்பில். ஏஜெண்டின் வாசலில் பூட்டுத் தொங்கியது. கொழும்புக்குப் போயிருக்கிறார், வருகிற நாள் தெரியாது என்று பக்கத்துத் தையல் கடையில் சொன்னார்கள். மாமா அந்தப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இனி யாரிடம் கேட்பதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தோம்.

அந்த வழியில் ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. பாட்டுகளின் பெயரைச் சொன்னால் கசட்டில் பதிந்து கொடுக்கிற கடை. வாசலில் தொங்கிய ஸ்பீக்கர் பொக்ஸிலிருந்து ஏதோ இங்கிலீஷ் பாட்டு. ஆண் குரல். ஆனால் பின்னால் அதே தகரக் கூரை இடி, அதே இரும்பு அறுக்கிற கீச்சு. நான் நின்றுவிட்டேன். என் கையைப் பிடித்திருந்த பிள்ளை அங்கேயே குதிக்க ஆரம்பித்தாள்.

கடைக்காரர் முஸ்லிம் ஆள், அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்று கூப்பிடுவார்கள்; இருக்கு என்பது அவர் வாயில் ஈக்கி என்று வரும். என்னைப் பார்த்து, "என்ன தங்கச்சி, என்னத்தக் கண்டு பயந்து ஈக்கிறீங்க?" என்றார்.

மாமா வாயைத் திறக்குமுன் நான் கசட்டை எடுத்து நீட்டினேன். "நானா, இது எங்க அக்கா லெபனான்லருந்து பேசினது. நடுவுல அவங்கள அடிக்கிறாங்க."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போனது. ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டுக் கசட்டை வாங்கினார். ஓட்டிலிருந்த எழுத்தை வாசித்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். பிறகு பிளாஸ்டரை விரலால் தடவினார்.

"தங்கச்சி, உங்கட அக்காவ யாரும் அடிக்கல்ல. இது பாட்டுக் கசட். நாலு பொம்பளப் புள்ளைகள் சேந்து போட்ட மொதக் கசட். நான் இதக் கொழும்பெல்லாம் தேடிட்டேன், கெடைக்கல்ல. உங்களுக்கு எப்பிடிக் கெடச்சது?"

"பொம்பளைங்களா?" என்றார் மாமா. "அப்ப அந்த மோளம் அடிக்கிறது?"

"அதுவும் பொம்பளதான்."

"அந்தக் கீச்சுச் சத்தம்?"

"கிட்டார். அதுவும் பொம்பளதான் வாசிக்கிது. ஆம்பளைகள் கத்தினா நீங்களும் பாட்டுன்னு விட்டிருப்பீங்க. பொம்பளைகள் கத்தினதால அடிதடின்னு நெனச்சிட்டீங்க."

அவர் விளக்கினார். பாட்டுக் கசட்டின் மேல் விளிம்பில் இரண்டு பள்ளம் இருக்குமாம், அழியாமல் இருப்பதற்கு. அதைப் பிளாஸ்டரால் மூடினால் மேலே பேசலாமாம். பேசின அளவுக்குப் பாட்டு அழியும், பேச்சு நின்ற இடத்திலிருந்து பழைய பாட்டே வரும். மாமா இதைக் கேட்டு நீளமாக மூச்சுவிட்டார். எனக்கு அந்த மூச்சு வரவில்லை.

"அப்ப அக்கா ஏன் பாதியில நிறுத்தினாங்க?" என்று கேட்டேன். "பயந்துராதீங்கன்னு சொன்னாங்க. எதுக்குப் பயப்படக் கூடாதுன்னு சொல்லலயே."

நானா கசட்டைப் புரட்டினார். "மறுபக்கத்தில என்ன ஈக்கி?" என்று கேட்டார்.

"அது எங்க பக்கம்" என்றேன்.

"உங்கட பக்கமா?"

"நாங்க பேசுறதுக்கு. இன்னும் பேசல."

நானா என்னையும் கசட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அதில பாட்டு முழுசா ஈக்கும்" என்று சந்தோஷமாகச் சொல்லி, கசட்டைத் திருப்பிப் போட்டு முதலிலிருந்து ஓடவிட்டார். எனக்கு என்னமோ போல இருந்தது. ஆனால் அவர் எங்களை மறந்துவிட்டார். மேசையில் விரலால் தட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். அந்தப் பெண்கள் கடையே அதிரக் கத்தினார்கள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா சங்கடத்தோடு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வந்தது. பஸ்ஸை விட்டுவிடுவோமே என்று நான் பயப்படத் தொடங்கினேன்.

டக்.

"அம்மா, கதவுல மணி அடிச்சிச்சு, போயிட்டு வந்துட்டேன். எங்க விட்டேன்? ஆங், பயந்துராதீங்கன்னு சொன்னேன்ல. இந்தக் கசட்டு மேடத்தோட மக எனக்குக் குடுத்தது. இது மட்டையில நாலு பொம்பளைங்க படம் இருக்கு. முடியப் பாத்தீங்கன்னா குருவிக் கூட்டக் கலைச்சு விட்ட மாதிரி, அப்படிப் பரத்திக்கிட்டு நிக்கிறாங்க. உதட்டுல சாயம், கண்ணச் சுத்தி மை. இந்தக் கிறுக்கு என்ன செஞ்சிச்சு, என் முடியையும் அதே மாதிரிக் கிளப்பி விட்டுருச்சு. என்னமோ டப்பாவுல இருந்து அடிச்சிச்சு, கம்பி மாதிரி நிக்கிது. அதோட ஒரு போட்டோவும் புடிச்சிருக்கு, குடுத்து விடுறேன். அம்மா அழுதுறாதீங்க. முடிய வெட்டல. கழுவுனாச் சரியாப் போயிரும்."

நானா தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"தங்கச்சி, உனக்குத்தான் முக்கியமாச் சொல்றேன். போட்டோவப் பாத்துட்டு எனக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு நீ சோறு தண்ணி இல்லாமக் கெடக்காத. நான் நல்லாத்தான் இருக்கேன். இவங்க எப்படிப் பாடுவாங்க தெரியுமா? கேளு."

அக்கா ஒரு கத்துக் கத்தினாள். பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளையும் சேர்ந்து கத்தியது. பாதியிலேயே அக்காவுக்குச் சிரிப்பு வந்து மூச்சுப் பிடித்துக்கொண்டது. அந்தச் சிரிப்பு முடியுமுன் டக்கென்று நின்று, நான்கு பெண்களும் விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

அக்காவின் அலறல் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் காதை ஒட்டி வைத்துக் கண்டுபிடித்த கரகரத்த குரலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அக்கா கீச்சென்று கத்துகிறவள்.

கடைப் படியில் உட்கார்ந்தேன். மாமா பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பிள்ளை, "அம்மா" என்று பொக்ஸைக் காட்டினாள். "ஆமா, அம்மாதான்" என்றார் மாமா. அத்தனை நாளைக்குப் பிறகு நான் கேட்ட அவருடைய சாதாரணக் குரல் அது. எனக்குப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இத ஒரு கொப்பி எடுத்துக்கிறேன்" என்றார் நானா. "பதிலுக்கு ஒரு புதுக் கசட் தாறேன். நீங்க அதில பேசி அனுப்புங்க. இத அழிச்சிராதீங்க, பாவம்."

"அக்கா பேசினதும் சேர்ந்துதானே பதியும்" என்றேன்.

"ஈக்கட்டும். அஞ்சாவது ஆளா உங்கட அக்காவும் ஈக்கட்டும்."

அவர் பதிந்து முடிக்கும் வரை எதிர்க் கடையில் பணிஸ் பன்னும் பிளேன்டீயும் சாப்பிட்டோம். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோது மழை வந்தது. மண் சரியுமோ என்று நான் நினைக்கவில்லை என்பதை வீட்டுக்குப் போன பிறகுதான் கவனித்தேன்.

அன்று மாலையே லயம் மறுபடி கூடியது. மறுபக்கத்தைக் கேட்டு முடித்ததும் பெரியம்மா, "நான் அன்னைக்கே சொன்னேன் பாட்டுதான்னு. யாரு என் பேச்சக் கேட்டா" என்றார். மாமா சுவரைப் பார்த்துச் சிரித்தார். அம்மா அக்கா பேசிய இடத்தை மட்டும் மீண்டும் மீண்டும் போடச் சொன்னார். "அழுதுறாதீங்க" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் அழுதார். பிறகு ஏதோ யோசனை வந்தவராகக் கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டுப் பார்த்தார்.

"வேண்டிக்கிட்டேனே" என்றார்.

"பாட்டுக்குப் போயி மொட்டையா. ஆத்தா மன்னிச்சுருவா" என்றார் பெரியம்மா.

"பத்திரமா இருக்கான்னு காதால கேட்டாத் தாறேன்னு சொன்னேன். கேட்டாச்சுல்ல."

அம்மா முடியை இறக்கினார். கூட்டாளி மொனராகலையிலிருந்து வந்து பெட்டியை அவிழ்த்து அந்தப் போட்டோவைக் கொண்டுவந்தபோது அம்மா தலையில் சந்தனத்தோடு இருந்தார். அக்கா சோபா ஒன்றின் முனையில் உட்கார்ந்திருந்தாள். ஒல்லி முகம், அதைச் சுற்றித் தேயிலைச் செடி போல எழும்பி நின்ற முடி, அதற்கு நடுவில் பொட்டு. சிரிப்பை அடக்கிய உதட்டில் சிவப்பு. அம்மா போட்டோவைப் பார்த்தார், தன் தலையைத் தடவினார். "என் முடியையும் சேத்து அவ தலையில வச்சுக்கிட்டா" என்றார்.

நானா கொடுத்த புதுக் கசட்டில் பதில் பேசினோம். பதுளையில் ஸ்டூடியோவில் அம்மாவை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து அதோடு வைத்தோம். அம்மாதான் முதலில் பேசினார். "ஏன்டி, ஒரு போட்டோ அனுப்புறேன். பாத்துட்டு பயந்துராத." அதை முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை மாமா வாசலில் நின்று காவல் காத்தார், யாரும் வந்து கூப்பிட்டு நடுவில் நிறுத்திவிடாதபடி.

மறுபக்கத்துக்கு அக்காவின் பேச்சு எப்படிப் போனது என்று அக்கா திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. மணி அடித்து அவள் கதவைத் திறக்கப் போன நேரத்தில் மேடத்தின் மகள் வந்து, கசட்டைத் திருப்பிப் போட்டு, பின்னுக்குச் சுற்றித் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்டிருக்கிறாள். அக்கா திரும்பி வந்து, பக்கம் மாறியதைப் பார்க்காமலே பதிகிற பட்டனை அமுக்கியிருக்கிறாள். "நீங்க மறுபக்கத்தப் போட்டுப் பாக்கவே இல்லையா?" என்று அவள் கேட்டாள். "அது எங்க பக்கம்ல" என்று அம்மா சொன்னார். அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. அவளும் எங்கள் வழக்கம் தெரிந்தவள்தானே.

நானா எடுத்த கொப்பி எத்தனை பேர் கைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை பதுளையில் ஓர் ஓட்டோ எங்களைக் கடந்து போனபோது அந்த இடி கேட்டது. அக்கா பேசுகிற இடம் எப்போது வரும் என்று நான் எண்ணிக்கொண்டு நின்றேன், ஓட்டோ வளைவில் திரும்புமுன் "அம்மா அழுதுறாதீங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டு போனாள்.

இரண்டாயிரம் பிறந்து பல வருடங்களுக்குப் பிறகு, அக்காவின் மகள் பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகத் தொடங்கிய காலம். ஒரு நாள் ஒரு சிடியோடு வந்தாள். "சித்தி, அந்தப் பாட்டு முழுசாக் கெடச்சிருச்சு. இதுக்குக் கிளாம் மெட்டல்னு பேரு. நல்லா சோடிச்சிக்கிட்டு மேடையேறுறவங்க." மட்டையில் அந்த நான்கு பெண்களையும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி, குருவிக் கூட்டைக் கலைத்த மாதிரித்தான். அடுப்படியில் அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் சிடியைப் போட்டாள். எனக்கு அந்தப் பாட்டுகள் மனப்பாடம். மூச்சு எடுக்கிற இடம்கூடத் தெரியும். அந்த இடம் நெருங்க நெருங்க என்னை அறியாமல் கையைப் பிசைந்தேன். டக் வரவில்லை. பாட்டு பாட்டுக்கு ஓடியது. அக்கா பேசி அழித்திருந்த துண்டில் அந்தப் பெண்கள் என்ன பாடியிருந்தார்கள் என்பதை அன்றுதான் கேட்டேன். கத்தலே இல்லாமல், ஒருத்தி தனியாக மெதுவாகப் பாடுகிற இடம் அது. நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் அக்கா அங்கே இல்லாதது ஒரு மாதிரி இருந்ததால் எழுந்து போய் அடுப்படியை எட்டிப் பார்த்தேன்.

அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"சத்தத்தக் கொறைக்கச் சொல்லு தங்கச்சி. பக்கத்து வீட்ல பயந்துருவாங்க."